தாவரப் புரதப் படலம்: அறிகுறியை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

சோயா, பட்டாணி, கோதுமைப் பசையம், மக்காச்சோளத்தின் ஸெயின் என எந்தப் புரதத்தை எடுத்தாலும், உணவு சுற்றும் படலம் செய்யும் முறையைச் சில வரிகளில் எழுதிவிடலாம். கரைக்க வேண்டும், சூடாக்க வேண்டும், தட்டில் ஊற்ற வேண்டும், காயவைத்து உரிக்க வேண்டும். செய்து பார்த்தவர்களுக்குத்தான் சிரமம் தெரியும். அதே அளவு, அதே தட்டு, அதே சூடு. ஆனாலும் போன வாரம் அழகாக வளைந்த படலம் இந்த வாரம் தொட்டதும் நொறுங்கும். உடனே பலரும் படலத்தை வளைய வைக்கும் கிளிசரினின் அளவை மாற்றத் தொடங்குகிறார்கள். என்னைக் கேட்டால், அது கடைசியாகத் தொட வேண்டிய இடம். முதலில் தண்ணீரைப் பாருங்கள். அறைக் காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது, கரைசலின் தண்ணீர் எப்படிப்பட்டது, காய்ந்த பிறகும் படலத்துக்குள் எவ்வளவு நீர் தங்கியிருக்கிறது. பெரும்பாலான கோளாறுகள் இந்த மூன்றுக்குள்ளேதான் கிடக்கின்றன.

எதோடு ஒப்பிடுவது என்று தெரிய ஓர் அடிப்படை அளவு வேண்டும். இங்கே நான் மனதில் வைத்திருப்பது சோயா புரதத்துக்கான வழக்கமான அளவு: 100 மி.லி. காய்ச்சி வடித்த நீர், 5 கிராம் சோயா புரதப் பிரிப்பு (புரதம் 90 சதவீதம் அல்லது மேல்), 2.5 கிராம் கிளிசரின். சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் எண்) 10க்குக் கொண்டுவர வேண்டும். 80 டிகிரி செல்சியஸ் அளவில் 20 முதல் 30 நிமிடம், கிளறிக்கொண்டே. பிறகு மெல்லிய துணியில் வடிகட்டி, காற்றை நீக்கி, சமமான தட்டில் ஊற்றி, அறை வெப்பத்தில் ஓரிரு நாள் காயவைக்க வேண்டும். சோடியம் ஹைட்ராக்சைடு தோலையும் கண்ணையும் பொசுக்கிவிடும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். எப்போதும் தண்ணீரில்தான் அதைச் சேர்க்க வேண்டும், அதன்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது.

இன்னொன்று. கீழே சொல்லும் எந்தத் திருத்தத்தைச் செய்தாலும் ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் அறை ஈரப்பதம், கரைசலின் பி.எச்., படலத்தின் தடிமன் மூன்றையும் குறித்து வையுங்கள். இந்த மூன்று எண்களும் இல்லாமல் "சரியாக வரவில்லை" என்று சொன்னால் யாராலும் உதவ முடியாது.

பொடி கரையவில்லை, கட்டி கட்டியாக நிற்கிறது

சூடான நீரில் பொடியைக் கொட்டினால் இப்படித்தான் ஆகும். பொடியின் வெளிப்பக்கம் உடனே ஊறிப் பசையாகி, உள்ளே இருக்கும் உலர்ந்த பொடிக்கு நீர் போகாமல் அடைத்துவிடுகிறது. அறை வெப்பத்து நீரில், கிளறிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். இல்லையென்றால் பொடியை முதலில் கிளிசரினோடு குழைத்துவிட்டு அப்புறம் நீர் சேருங்கள். துகள்கள் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். அரை மணி நேரம் ஊறவிட்டுப் பிறகு காரம் (சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல்) சேர்ப்பது நல்லது.

தூவியும் கரையவில்லை என்றால் பி.எச். பாருங்கள். சோயாவும் பட்டாணியும் 4.5க்குப் பக்கத்தில் சமமின்புள்ளியில் இருக்கும். அங்கே புரத மூலக்கூறுகளின் மின்சுமைகள் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால், அவற்றை விலக்கி வைக்க எதுவும் இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிப் படிந்துவிடும். சோயாவில் பி.எச். 6க்கு மேலோ 3க்குக் கீழோ போனால்தான் படலம் உருவாகும். கோதுமைப் பசையத்துக்கு அந்த எல்லைகள் வேறு: 2 முதல் 4 வரை, அல்லது 9க்கு மேல். பழச்சாறு, சிட்ரிக் அமிலம், மூலிகைச் சாறு எதையாவது பின்னால் சேர்த்து, தெளிவாக இருந்த கரைசல் சட்டென்று திரிந்துபோனால் காரணம் இதுதான்.

குழாய் நீரைப் பயன்படுத்துகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடின நீரில் இருக்கும் கால்சியம் சோயா புரதத்தை இழுத்துப் படியவைக்கும். அடியில் வெண்மையான வண்டல் நின்றால், வேறு எதையும் மாற்றாமல் காய்ச்சி வடித்த நீரில் ஒருமுறை செய்து பாருங்கள்.

கோதுமைப் பசையம் தனி வகை. நேராக நீரில் போட்டால் இழுபடும் உருண்டையாகச் சுருண்டுகொள்ளும். பிறகு எவ்வளவு கிளறினாலும் விரியாது. எத்தனாலில் முதலில் பொடியைக் கலந்து பரவவிட்டு, அதன்பின் நீரும் காரமும் சேர்க்க வேண்டும். ஸெயின் வெறும் நீரில் கரையவே கரையாது. 70 முதல் 90 சதவீத எத்தனால் வேண்டும். எத்தனால் இருக்கும் எந்தக் கரைசலையும் திறந்த சுடரில் வைக்காதீர்கள். சுடுநீர்த் தொட்டியோ சூடாக்கும் மின்தட்டோதான், காற்றோட்டமான இடத்தில்.

பீக்கரிலேயே கெட்டியாகிவிட்டது

புரதம் 8 சதவீதத்தைத் தாண்டும்போது சூட்டில் கரைசல் கூழாக இறுகும் வாய்ப்பு கூடுகிறது. அடர்த்தியைக் குறையுங்கள், படலம் தடிமனாக வேண்டுமென்றால் அதிகமாக ஊற்றுங்கள், அடர்த்தியைக் கூட்டாதீர்கள். சூட்டின் நேரத்தையும் பாருங்கள். டிரான்ஸ்குளுட்டாமினேஸ் நொதி சேர்த்திருந்தால் அது கரைசலிலேயே புரதங்களைப் பிணைத்துக்கொண்டிருக்கும், நேரம் கடந்தால் ஊற்ற முடியாத கூழாகிவிடும். அதைச் சேர்த்தவுடன் ஊற்றிவிட்டு, மீதி வேலையைத் தட்டில் செய்யவிடுங்கள்.

குமிழி, நுரை, காய்ந்த பிறகு ஊசித்துளை

புரதம் நுரையைப் பிடித்து வைப்பதில் கெட்டி. வேகமாகக் கிளறினால் காற்று உள்ளே போகும், போனது வெளியே வராது. மெதுவாகக் கிளறுங்கள். வெற்றிட அறை இருந்தால் சில நிமிடம் வையுங்கள். இல்லையென்றால் கரைசலைச் சூடாகவே மூடி வைத்துக் குமிழி மேலே ஏற விடுங்கள். ஊற்றும்போது தட்டுக்கு அருகில் பிடித்து, ஒரு மூலையிலிருந்து மெதுவாக ஓட விடுங்கள். மேலே நிற்கும் மிச்சக் குமிழிகள் மீது துளி எத்தனாலைத் தெளித்தால் உடைந்துவிடும்.

குமிழி இல்லாமலே துளை வந்தால் கரையாத துகள்தான் காரணமாக இருக்கும். துகளைச் சுற்றிக் கரைசல் விலகிக் காய்கிறது. இன்னும் நெருக்கமான துணியில் வடிகட்டுங்கள்.

தட்டிலிருந்து உரிய மறுக்கிறது

கண்ணாடியை முதலில் விலக்குங்கள். புரதத்துக்கும் கண்ணாடிக்கும் ஒட்டுதல் அதிகம். உரிக்கப் போனால் படலம்தான் கிழியும். டெஃப்லான் பூசிய தட்டு, சிலிகான் விரிப்பு, பாலிஎத்திலீன் அல்லது பாலிஸ்டைரீன் தட்டு எதுவும் நன்றாக உதவும். தட்டில் எண்ணெய் தடவும் பழக்கம் சிலரிடம் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. எண்ணெய் அடிப்பக்கத்தில் ஏறி, பிறகு ஓரத்தை ஒட்டி மூடுவதையும் நீராவிச் சோதனையையும் கெடுத்துவிடும்.

சரியான தட்டிலும் ஒட்டுகிறது என்றால், உரிக்கும் நேரம் தவறு. மிகவும் உலர்ந்திருந்தால் உடைந்து உடைந்து வரும். ஈரமாக இருந்தால் நீண்டு கிழியும். சுமார் 50 சதவீத ஈரப்பதத்தில் சில மணி நேரம் வைத்துவிட்டு, ஒரு ஓரத்தை மெல்லிய தகட்டால் தூக்கி, தட்டோடு தாழ்ந்த கோணத்தில் மெதுவாக இழுத்தால் முழுதாக வந்துவிடும்.

வளைத்தால் உடைகிறது

இதுதான் எல்லோருக்கும் வரும் தொல்லை. அவசரப்பட்டு கிளிசரின் கூட்டுவதும் இங்கேதான். ஒரு சோதனை செய்யுங்கள்: உடையும் படலத்தில் ஒரு துண்டை, ஈரப்பதம் 50 சதவீதத்துக்குச் சற்று மேலுள்ள மூடிய பெட்டியில் இரண்டு நாள் வையுங்கள். மெக்னீசியம் நைட்ரேட்டைக் கரையாத உப்பு அடியில் தங்கும் அளவுக்கு நீரில் கலந்து ஒரு சிறு கிண்ணத்தில் பெட்டிக்குள் வைத்தால், 25 டிகிரியில் காற்று ஏறக்குறைய 53 சதவீதத்தில் நிலைத்து நிற்கும். படலம் கிண்ணத்தைத் தொடாமல் இருக்க வேண்டும். இரண்டு நாளில் அது வளைந்தால், உங்கள் அளவில் குறையே இல்லை. அறைதான் வறண்டிருந்தது. நீரே புரதத்துக்கு ஒரு நெகிழ்வூட்டி. அது புரதச் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து அவற்றை நகர விடுகிறது. காற்று வறண்டால் அது வெளியேறி, சங்கிலிகள் இறுகிக்கொள்கின்றன. கிளிசரினும் இதே வேலையைத்தான் செய்கிறது, கூடவே நீரையும் பிடித்து வைக்கிறது. அதனால்தான் ஒரே படலம் வறண்ட நாளில் உடையும், ஈரமான நாளில் தொங்கும். ஓவனில் காயவைத்த படலத்தை வெளியே எடுத்தவுடன் மடித்துப் பார்ப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பெட்டியில் வைத்தும் உடைகிறதா? அப்படியென்றால் சூட்டைச் சந்தேகப்படுங்கள். சோயாவில் இரண்டு பெரிய புரதப் பகுதிகள் உண்டு. ஒன்று 75 டிகிரி சுற்றளவில் விரிகிறது, மற்றொன்றுக்கு 90 டிகிரி வரை வேண்டும். காரம் இந்த வேலையைக் கொஞ்சம் எளிதாக்கும். விரியாத புரதம் உருண்டையாகவே இருக்கும். உருண்டைகள் தொடும் இடம் குறைவு என்பதால் அந்த இடங்களில் பிளந்துவிடும். விரிந்தால்தான் உள்ளே மறைந்திருந்த கந்தகத் தொகுதிகள் வெளியே வந்து, காயும்போது பக்கத்துச் சங்கிலியோடு பிணையும். வெப்பமானியைப் பாத்திரச் சுவரில் வைக்காமல் கரைசலின் நடுவே வைத்துப் பாருங்கள். மின்தட்டு காட்டும் எண்ணுக்கும் கரைசலின் சூட்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கும்.

பி.எச்.சையும் மறுபடி பாருங்கள். காரத்தில் சூடாக்கும்போது பி.எச். மெல்ல இறங்கும். தொடக்கத்தில் 10 காட்டியது கடைசியில் 9ஐ நோக்கி நகர்ந்திருக்கலாம். கரைசல் ஆறிய பிறகு அளந்து, தேவைப்பட்டால் சரிசெய்து ஊற்றுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்தும் உடைந்தால்தான் கிளிசரின். சோயாவில் புரத எடையில் 40 முதல் 60 சதவீதம் வரை போகலாம். 5 சதவீதம் 5 சதவீதமாகக் கூட்டுங்கள். ஒவ்வொரு படிக்கும் நெகிழ்வு கூடும், வலிமை குறையும், நீராவி அதிகமாக ஊடுருவும். இந்த மூன்றும் சேர்ந்தேதான் நகரும்.

ஸெயின் படலம் வெண்மையாகி நொறுங்கினால் அதற்குத் தனிக் காரணம் உண்டு. காயும்போது எத்தனால் முந்திக்கொண்டு ஆவியாகிறது. பின்தங்கும் திரவத்தில் நீரின் பங்கு ஏறிக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் ஸெயின் கரைந்திருக்க முடியாமல் படிந்துவிடும். எத்தனாலைச் சற்று அதிகமாக, 80 அல்லது 85 சதவீதமாக வைத்து, ஈரம் குறைந்த காற்றில் காயவையுங்கள்.

பிசுபிசுக்கிறது, தன்னோடு தானே ஒட்டுகிறது

அறை ஈரப்பதம் 60ஐத் தாண்டியிருந்தால் மேலே சொன்ன பெட்டிச் சோதனையை முதலில் செய்யுங்கள். அந்தப் பெட்டியிலும் பிசுபிசுத்தால் கிளிசரின் அதிகம். ஒரு பங்கை சார்பிட்டால் என்ற இன்னொரு நெகிழ்வூட்டியாக மாற்றுவது நல்ல வழி. சார்பிட்டால் கிளிசரின் அளவுக்கு நீரை இழுக்காது, படலமும் விறைப்பாக நிற்கும். முழுவதையும் சார்பிட்டாலாக்காதீர்கள், ஏன் என்று அடுத்த பகுதியில் தெரியும்.

அடுக்கி வைக்க வேண்டிய படலங்களுக்கு இடையே மெழுகுத்தாள் போடுங்கள்.

சில வாரங்களில் மேலே எண்ணெய்ப் பூச்சு, அல்லது வெள்ளைப் படிகம்

எண்ணெய் போலப் பளபளத்தால் கிளிசரின் வெளியே வந்துகொண்டிருக்கிறது. ஸெயினில் இது சகஜம். ஸெயினில் நீரை வெறுக்கும் அமினோ அமிலங்கள் நிறைய. கிளிசரின் அதோடு ஒட்டி இருக்க விரும்புவதில்லை, மேற்பரப்புக்கு நகர்ந்துவிடும். நெகிழ்வூட்டியாக ஒலியிக் அமிலமோ பாலிஎத்திலீன் கிளைகாலோ ஸெயினுக்குப் பொருந்தும், அல்லது கிளிசரினோடு பாலிஎத்திலீன் கிளைகாலைக் கலக்கலாம். ஒலியிக் அமிலம் எடுத்தால் காலப்போக்கில் சிக்கு வாடை வரக்கூடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

வெள்ளைப் பொடி பூத்திருந்தால் சார்பிட்டால் படிகமாகியிருக்கிறது, பெரும்பாலும் வறண்ட இடத்தில் வைத்ததால். சார்பிட்டாலில் பாதியைக் கிளிசரினாக மாற்றினால் படிகம் உருவாவது தடைபடும். ஆகவே இரண்டையும் சரிபாதியாகக் கலப்பதே எனக்குப் பிடித்த தொடக்கம்.

ஓரம் சுருள்கிறது, நடுவில் மெலிந்து ஓரத்தில் தடித்திருக்கிறது

தட்டின் மட்டத்தைப் பாருங்கள். ஒரு ரசமட்டம் வைத்து இரு திசையிலும் சரிபார்க்காத தட்டில் தடிமன் ஒருபோதும் ஒன்றாக வராது. ஊற்றும் அளவைக் கண்ணால் மதிப்பிடாமல் கணக்கில் எடுங்கள். உலர்ந்த படலத்தின் அடர்த்தி ஏறக்குறைய கன சென்டிமீட்டருக்கு 1.3 கிராம். 0.1 மி.மீ. தடிமனுக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் 13 மில்லிகிராம் திடப்பொருள் வேண்டும். 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டு என்றால் 400 சதுர சென்டிமீட்டர், 5.2 கிராம். நம் அடிப்படைக் கரைசலில் 100 மி.லி.க்குப் புரதமும் கிளிசரினும் சேர்த்து 7.5 கிராம் இருப்பதால் சுமார் 70 மி.லி. ஊற்ற வேண்டும். தங்கும் ஈரத்தால் தடிமன் கொஞ்சம் கூடுதலாகவே நிற்கும், பரவாயில்லை. புரத அளவை மாற்றினால் இந்தக் கணக்கையும் மறுபடி போடுங்கள். தடித்த படலத்தை மெல்லிய படலத்தோடு ஒப்பிட்டு "இந்தக் கலவை வலிமையானது" என்று முடிவு கட்டுவது பலர் விழும் பள்ளம்.

மட்டம் சரி, ஆனாலும் சுருள்கிறது என்றால் காற்று வேகமாகப் படுகிறது. பால் ஆறும்போது ஆடை படிவது மாதிரி மேலே ஒரு தோல் முதலில் இறுகிவிடும். அடியில் இருக்கும் நீர் வெளியேற வழியின்றித் தவிக்கும். மேல் சுருங்கி, கீழ் சுருங்காமல் இருப்பதால் ஓரம் தூக்கும். விசிறியை நேராகத் திருப்பாதீர்கள். ஓவன் என்றால் 40 டிகிரிக்கு மேல் போக வேண்டாம், முதல் சில மணி நேரம் தட்டைத் துளையிட்ட தாளால் மூடி வையுங்கள்.

மஞ்சள், பழுப்பு, வாடை

கொஞ்சம் மஞ்சள் இயல்பு. ஸெயினின் மஞ்சள் மக்காச்சோள நிறமிகளிலிருந்து வருவது, போக்க நினைத்தால் ஸெயினையே மாற்ற வேண்டும். பழுப்பு வேறு விஷயம். பொடியில் சர்க்கரை மிச்சம் இருந்தால் அது புரதத்தோடு சூட்டில் வினைபுரிந்து நிறம் கொடுக்கும். புரதப் பிரிப்புக்குப் பதில் சாதாரண சோயா மாவு எடுத்தவர்களுக்கு இது அடிக்கடி நேரும். பி.எச். 11க்கு மேல் போய் நெடுநேரம் சூடாக்கினாலும் நிறம் கருக்கும். அது நிறப் பிரச்சினை மட்டும் இல்லை. அந்த நிலையில் லைசினோஅலனின் என்ற சேர்மம் உருவாகி, புரதத்தின் லைசினைக் குறைக்கும். உண்ணக்கூடிய படலம் செய்கிறவர்கள் பி.எச். 10ஐத் தாண்டாமல், சூட்டையும் அரை மணிக்குள் நிறுத்துவதே சரி. டானிக் அமிலம் போன்ற தாவரச் சேர்மங்களும் காரத்தில் பழுப்பாகும்.

பச்சைப்பயறு வாடை சோயாவின் கொழுப்பு ஆக்சிஜனேற்றமடைந்ததால் வருவது. பொடி பழையதா என்று முதலில் முகர்ந்து பாருங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் காரத்தில் அதிகமாகச் சூடாகிக் கந்தக அமினோ அமிலங்கள் சிதைந்திருக்கின்றன. காரமாக அம்மோனியா பயன்படுத்திய கோதுமைப் பசையப் படலத்தில் அதன் வாடை நின்றால் இன்னும் காயவில்லை என்று பொருள்.

நீர் பட்டதும் கரைகிறது

இந்த ஒன்றில் பலர் தங்கள் படலத்தைத் தவறாகத் தள்ளிவிடுகிறார்கள். ஒரு துண்டை உலர்த்தி எடை பார்த்து, 25 டிகிரி நீரில் 24 மணி நேரம் வைத்து, எடுத்து உலர்த்தி மறுபடி எடை பார்க்கிறீர்கள். மூன்றில் ஒரு பங்கு எடை போய்விட்டது. படலம் கரைந்துவிட்டதா? இல்லை. 5 கிராம் புரதத்துக்கு 2.5 கிராம் கிளிசரின் போட்டிருக்கிறீர்கள். திடப்பொருளில் மூன்றில் ஒரு பங்கு கிளிசரின்தான். நீரில் முதலில் போவது அதுதான். அதற்கு மேல் போகும் எடையைத்தான் புரதம் கரைந்ததாகக் கணக்கில் எடுக்க வேண்டும். முதலில் இந்தக் கழித்தலைச் செய்யுங்கள்.

அதன்பிறகும் கரைகிறது என்றால் குறுக்குப்பிணைப்பு, அதாவது புரதச் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் பிணைப்பு, போதவில்லை. எளிய வழி, காய்ந்த படலத்தைச் சூட்டில் பதப்படுத்துவது. 80 முதல் 95 டிகிரியில் சில மணி நேரம் தொடங்கி ஒரு நாள் வரை வைக்கலாம். வலிமை கூடும், நீரில் கரைவது குறையும், நீராவி ஊடுருவலும் சற்றுக் குறையும். பதிலுக்கு நெகிழ்வு குறையும், மஞ்சள் கூடும். சில மணி நேரத்தில் தொடங்கிப் படிப்படியாக நீட்டுங்கள்.

நொதி வழியும் உண்டு. டிரான்ஸ்குளுட்டாமினேஸ் குளுட்டமினையும் லைசினையும் இணைக்கிறது. அது பி.எச். 5 முதல் 8 வரை, 50 டிகிரி சுற்றளவில் நன்றாக வேலை செய்யும். 70 டிகிரிக்கு மேல் செத்துவிடும். பி.எச். 10ல், 80 டிகிரி கரைசலில் அதைக் கொட்டிவிட்டு "ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்கிறவர்களுக்கு விடை இந்த வரிதான். கரைசலை ஆறவைத்து, பி.எச்.சை 7க்கு இறக்கிவிட்டுச் சேருங்கள். ஸெயினில் லைசின் கிட்டத்தட்ட இல்லை. அதில் இந்த நொதிக்குப் பிடிப்பு கிடைக்காது.

ஜெனிபின் என்ற தாவரச் சேர்மமும் நன்றாகப் பிணைக்கும், ஆனால் படலம் நீலமாகும். ஃபார்மால்டிஹைடும் குளுட்டரால்டிஹைடும் அருமையாகப் பிணைக்கும் என்று பழைய செய்முறைகளில் பார்க்கலாம். உணவைத் தொடும் படலத்துக்கு அவற்றை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

உள்ளே வைத்த பண்டம் நமத்துப்போகிறது

புரதப் படலத்தின் குணமே இது. ஆக்சிஜனை அருமையாகத் தடுக்கும், அதுவும் வறண்ட காற்றில். நீராவியைத் தடுப்பதில் பலவீனம். ஈரம் ஏற ஏற ஆக்சிஜன் தடுப்பும் சரியும். எண்ணெய்ப் பண்டம் சிக்கு பிடிக்காமல் இருக்க உள்ளுறையாகப் பயன்படுத்தினால் படலம் தன் பலத்தைக் காட்டும். ஈரமான பண்டத்தைச் சுற்றி, பாலிஎத்திலீன் செய்யும் வேலையை இதனிடம் எதிர்பார்ப்பது நியாயம் இல்லை.

நீராவித் தடுப்பு வேண்டும் என்றால் மெழுகுதான் வழி. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும், கார்னௌபா மெழுகு 82 முதல் 86 டிகிரியில். கரைசல் அந்தச் சூட்டுக்கு மேலே இருக்கும்போதே மெழுகைச் சேர்த்து வேகமாக அடித்துக் கலக்க வேண்டும். ஆறிய கரைசலில் போட்டால் துகள் துகளாக உறைந்து, ஒவ்வொரு துகளும் ஓர் ஓட்டையாக மாறும். நன்றாகக் கலந்தாலும் காயும்போது மெழுகு மேலே மிதந்து, படலத்தின் இரு பக்கமும் வேறு வேறாகிவிடுவது உண்டு. விரலால் தடவினால் தெரியும். சோதிக்கும்போது எந்தப் பக்கம் ஈரத்தைப் பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

எளிய சோதனை ஒன்று போதும்: உலர்ந்த சிலிக்கா ஜெல் போட்ட கிண்ணத்தைப் படலத்தால் மூடி, ஓரத்தை உருகிய மெழுகால் அடைத்து, ஈரப்பதம் நிலையான பெட்டியில் வைத்துத் தினமும் எடை பாருங்கள். எடை சீராக ஏறும் வேகம்தான் உங்கள் ஒப்பீட்டு எண். தடிமன் ஒன்றாக இருக்கும் படலங்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

சூட்டில் ஒட்டி மூட முடியவில்லை

புரதம் பாலிஎத்திலீன் மாதிரி உருகாது, கருகத்தான் செய்யும். ஓரத்தில் நீரையோ அதே கரைசலையோ மெல்லியதாகத் தடவி, மிதமான சூட்டில் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள். பதப்படுத்திய படலம் அதற்கும் இணங்காது. முதலில் உறையாக ஒட்டிவிட்டு அப்புறம் பதப்படுத்துவதே முறை.

பூஞ்சை

படலம் காய இரண்டு நாளுக்கு மேல் ஆகிறதென்றால் பூஞ்சை காய்வதற்குள்ளேயே தொடங்கியிருக்கும். தடிமனைக் குறையுங்கள், காற்று ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். காய்ந்த படலத்தை 65 சதவீத ஈரப்பதத்துக்குக் கீழே வைத்தால் பெரும்பாலான பூஞ்சைகளால் வளர முடியாது.

பூஞ்சையைத் தடுக்கும் பொட்டாசியம் சார்பேட் சேர்த்தும் பூஞ்சை வந்தது என்று பலர் வருந்துவார்கள். சார்பேட் வேலை செய்வது அமில வடிவில். அதன் பாதி அந்த வடிவில் இருப்பது பி.எச். 4.76ல்தான். பி.எச். 7ல் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. 10ல் சொல்லவே வேண்டாம். சார்பேட்டை நம்புவதென்றால், கோதுமைப் பசையத்தை அமிலப் பக்கத்தில் வைத்துப் படலம் செய்யுங்கள். அங்கே இரண்டும் ஒத்துப்போகும்.

இங்கேயே ஒவ்வாமையையும் சொல்லிவிட வேண்டும். கோதுமை, சோயா இரண்டும் பலருக்கு ஒவ்வாமை தருபவை, பசையம் ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. படலத்தைச் சாப்பிடாவிட்டாலும் அது தொட்ட உணவு வழியாகப் புரதம் உள்ளே போகும். உறையின் மேல் என்ன புரதம் என்று பெரிதாக எழுதாமல் யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

மண்ணில் புதைத்தும் மக்கவில்லை

சாதாரணப் புரதப் படலம் ஈரமான மண்ணில் வேகமாகக் கரைந்து மறையும். நிற்கிறதென்றால் ஒன்று மண் வறண்டிருக்கிறது, அல்லது பதப்படுத்தலும் மெழுகும் அதிகம். நீரைத் தாங்க வைத்த அதே பிணைப்புதான் நுண்ணுயிரையும் தாமதப்படுத்துகிறது. எவ்வளவு தேவையோ அவ்வளவு பிணைத்தால் போதும்.

"மக்கும் உறை" என்று அச்சிடும் எண்ணம் இருந்தால், தோட்டத்தில் புதைத்துப் பார்த்தது சான்றாகாது. இ.என். 13432 என்ற ஐரோப்பியத் தரம், தொழில்முறை உரமாக்கலில் 6 மாதத்துக்குள் 90 சதவீதம் சிதைய வேண்டும் என்றும், 12 வாரத்தில் துண்டுகளில் 90 சதவீதம் 2 மி.மீ. சல்லடையில் இறங்கிவிட வேண்டும் என்றும் கேட்கிறது. கன உலோகங்களுக்கும், செடி வளர்ச்சியைப் பாதிக்காததற்கும் தனிச் சோதனைகள் உண்டு.

உரக்குழியில் அம்மோனியா வாடை அடித்தால் படலம் மக்கவில்லை என்று நினைக்காதீர்கள். வேகமாக மக்குகிறது. புரதத்தின் எடையில் ஏறக்குறைய 16 சதவீதம் நைட்ரஜன். அதற்கு ஈடாகக் கார்பன் இல்லாமல் மிஞ்சும் நைட்ரஜன்தான் அம்மோனியாவாகப் பறக்கிறது. காய்ந்த இலையும் மரத்தூளும் தாராளமாகச் சேர்த்துக் கிளறிவிட்டால் வாடை அடங்கி, அந்த நைட்ரஜனும் உரத்திலேயே தங்கும்.